கையுறை வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

மெடிக்கல் ஷாப்பில் போய், "ஒரு பாக்ஸ் கிளவுஸ் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைப்பார். ஒன்று வெள்ளை, ஒன்று கண்ணாடி மாதிரி, ஒன்று நீலம். "எது சார் வேணும்?" என்பார். நம்மில் பாதிப் பேர் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். மீதிப் பேர், "நீலம்தான் ஒசத்தியாமே" என்று அதை வாங்குவோம். இரண்டுமே சரியான முறை இல்லை.

சித்த வைத்தியனுக்கும் கையுறைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வல்லத்துக்கு இன்னொரு வல்லத்தோடு ஒரு உறவு ஏற்பட்டிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால் என்று ஓர் ஊர். அங்கே சிப்காட் தொழிற்பேட்டை. செல்போன் கம்பெனிப் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்குகிற மாதிரி ஒரு பெரிய குடியிருப்பு அங்கே 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கும், ஒரகடம், செய்யாறு பக்கமும் எங்கள் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது என்னிடம் நீட்டுவது கையைத்தான். "டாக்டர், கை அரிக்குது. தோல் உரியுது. கிளவுஸ் போட்டாத்தான் உள்ளே விடுவாங்க. என்ன பண்றது?"

மாதச் சம்பளம், வீட்டுக்கு அனுப்பும் பணம், தம்பியின் படிப்பு எல்லாம் அந்தக் கையில் இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

கையைக் காக்க வந்த உறை

கையுறை ஆபரேஷன் அறைக்குள் நுழைந்த கதையே ஒரு பெண்ணின் கை அரிப்பில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. 1889-90ம் ஆண்டு வாக்கில் அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன். அவருடைய ஆபரேஷன் அறை நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். அந்தக் காலத்தில் கிருமியைக் கொல்ல மெர்குரிக் குளோரைடு கரைசலில் கையை நனைப்பார்கள். எங்கள் சித்த மருத்துவத்தில் 'வீரம்' என்று ஒரு பாஷாணம் சொல்வோமே, அதே சரக்கு! சும்மா விடுமா? கரோலினின் கைகள் வெந்துபோயின. வேலையை விட்டே போய்விடுவார் போலிருந்தது. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு எழுதி, மெல்லிய ரப்பர் கையுறைகள் செய்து வாங்கிக் கொடுத்தார். (1890ல் இருவருக்கும் கல்யாணமும் ஆயிற்று.)

நோயாளியை நம் கைக் கிருமியிலிருந்து காப்பாற்ற என்று அந்த உறையை எல்லோரும் போட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலில் கைக்காக வந்தது. பிறகு எதிரே இருப்பவருக்காகவும் ஆயிற்று. கையுறை வாங்கும்போது நீங்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான்: இது என் கையைக் காப்பதற்கா, என் கையிலிருந்து எதையாவது காப்பதற்கா?

வயலில் பூச்சிமருந்து அடிப்பவருக்கு முதல் வகை. மருந்துக் கம்பெனியிலும், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்யும் இடத்திலும், எலக்ட்ரானிக் சில்லு செய்யும் இடத்திலும் இரண்டாவது வகை. அங்கே எதிரி வெளியே இல்லை. நம் கைதான் எதிரி.

தூசு இல்லாத அறை

இப்படிப்பட்ட இடங்களைக் 'கிளீன் ரூம்' என்பார்கள். பெருக்கித் துடைத்த அறை என்று அர்த்தமில்லை. கூரையிலிருந்து நுண்ணிய வடிகட்டி வழியே காற்று ஒரே சீராகக் கீழே இறங்கித் தூசைத் தள்ளிக்கொண்டு போகும். அமெரிக்காவில் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் வில்லிஸ் விட்ஃபீல்ட் என்பவர் 1960களின் தொடக்கத்தில் இந்த அமைப்பைக் கொண்டுவந்தார். எவ்வளவு சுத்தம் தெரியுமா? ஐ.எஸ்.ஓ. 5ம் வகுப்பு அறை என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520க்கு மேல் இருக்கக் கூடாது. ஏழாம் வகுப்பு என்றால் 3,52,000 வரை போகலாம். நம் தலைமுடி ஒன்றின் பருமனே சுமார் 70 மைக்ரான் வரும். அப்படியானால் அரை மைக்ரான் எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அறைக்குள் மனுஷன் நுழைந்தால்? நம் தோல் ஓயாமல் செதில் உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. வியர்வையில் உப்பு. அந்த உப்பு சில்லின் மேல் பட்டால் உலோகம் அரித்துப் போகும். கைரேகை ஒன்று பதிந்தால் எண்ணெய்ப் பசை. மருந்து அறையாக இருந்தால் கிருமி.

கிருமி புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். 2023ம் ஆண்டு பிப்ரவரியில், சென்னைக்குப் பக்கத்தில் உள்ள குளோபல் பார்மா ஹெல்த்கேர் கம்பெனி தயாரித்து, அமெரிக்காவில் 'எஸ்ரிகேர்' என்ற பெயரில் விற்ற கண் சொட்டு மருந்து திரும்பப் பெறப்பட்டது. பல மருந்துகளுக்கு மசியாத சூடோமோனாஸ் கிருமித் தொற்று ஒன்று பரவி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதை இந்தச் சொட்டு மருந்தோடு தொடர்புபடுத்தியிருந்தது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 4 பேர் இறந்தார்கள். 14 பேருக்குப் பார்வை போயிற்று. 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. கிருமி எந்த வழியாகப் புகுந்தது என்பதை ஒற்றைக் காரணத்தில் அடக்க முடியாது. நான் சொல்ல வருவது வேறு. கண் வறட்சிக்கு இரண்டு சொட்டு விட்டுக்கொண்டவருக்குக் கண்ணே போகும் என்றால், அந்த மருந்து செய்கிற அறையில் ஒவ்வொரு சின்ன விஷயமும் பெரிய விஷயம்தான்.

நல்ல பக்கமும் உண்டு. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992லிருந்து கண்புரை ஆபரேஷனுக்கான லென்ஸைச் செய்து வருகிறது. வெளிநாட்டிலிருந்து வாங்கி ஏழைகளுக்கு வைக்க முடியாத லென்ஸ், நம் ஊர்ப் பெண்களின் கையால் குறைந்த விலைக்கு வந்தது. உங்கள் பாட்டியின் கண்ணுக்குள் இருப்பது ஒருவேளை அங்கே செய்ததாக இருக்கலாம். அதைச் செய்த கை நிச்சயம் வெறுங்கை இல்லை.

வெள்ளையா, கண்ணாடியா, நீலமா?

வெள்ளையாக, இழுத்தால் ரப்பர் மாதிரி நீளுவது லேடெக்ஸ். ரப்பர் மரத்துப் பாலில் செய்வது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பால் வெட்டுகிறார்களே, அந்த மரம். மலேசியாவில் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய கைகளில் பெரும்பகுதி தமிழர் கைகள். இன்றைக்கு உலகத்துக்கே அதிகமாகக் கையுறை அனுப்புவதும் மலேசியாதான். லேடெக்ஸ் கையில் நன்றாகப் படியும், மிருதுவாக இருக்கும். குறை என்னவென்றால் மரத்துப் பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எண்ணெய் பட்டாலும் சீக்கிரம் இளகிவிடும். எங்கள் வைத்தியசாலைகளில் தைலம் தேய்க்கும் உதவியாளர்கள் லேடெக்ஸ் போட்டுக்கொண்டு தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் அது ஒட்டிப் பிசுபிசுத்து விடும். தைல வேலைக்கு லேடெக்ஸ் வேண்டவே வேண்டாம்.

கண்ணாடி மாதிரி, தொளதொள என்று இருப்பது வினைல். பிளாஸ்டிக் ஜாதி. விலை குறைவு. சாதம் பரிமாற, தலைக்கு டை அடிக்க, போதும். ஆனால் உபயோகிக்கும்போது எளிதில் ஓட்டை விழும். நோயாளிக்குப் புண் துடைக்க இதை நம்பாதீர்கள். கிளீன் ரூமுக்கும் பொதுவாக இது சரிவராது.

நீலமாகப் பெரும்பாலும் வருவது நைட்ரைல். மரத்துப் பால் இல்லை. அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன் என்ற இரண்டு ரசாயனங்களைச் சேர்த்துச் செய்யும் செயற்கை ரப்பர். 1930களில் ஜெர்மனியில் கண்டுபிடித்தது. பெட்ரோல் குழாய்க்கும் எண்ணெய் வாஷருக்கும்தான் முதலில் உபயோகம். மரத்துப் புரதம் இல்லாததால் லேடெக்ஸ் ஒவ்வாதவர்கள் போடலாம். எண்ணெய், டீசல் தாங்கும். முள் குத்தினால் லேடெக்ஸைவிடத் தாக்குப்பிடிக்கும். கிழிந்தால் நன்றாக விரிந்து கிழிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஊசித் துளையாக ஒளிந்திருக்காது. இன்னொன்று, நிலைமின்சாரத்தை லேடெக்ஸ் அளவுக்குச் சேர்த்து வைக்காது. அதனால்தான் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் இதை விரும்புகின்றன.

நீலம் என்பது வெறும் சாயம்தான், தெரியுமா! நைட்ரைல் கறுப்பிலும் வரும், வெள்ளையிலும் வரும். லேடெக்ஸிலும் நீலம் உண்டு. நிறத்தைப் பார்க்காதீர்கள், பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

நைட்ரைல் எல்லாவற்றையும் தாங்கும் என்றும் எண்ண வேண்டாம். நகப்பூச்சு துடைக்கும் அசிட்டோன் பட்டால் நைட்ரைல் உப்பிக்கொள்ளும். 1996ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற விஞ்ஞானியின் கையுறை மேல் டைமெத்தில் மெர்குரி என்ற பாதரசக் கூட்டுப்பொருள் ஓரிரு துளி சிந்தியது. லேடெக்ஸ் கையுறைதான் போட்டிருந்தார். அதுபோன்ற கையுறையை அந்தத் திரவம் 15 விநாடிக்குள் ஊடுருவிவிடும் என்று பிறகு சோதித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஐந்து மாதம் கழித்து நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. 1997 ஜூன் 8ம் தேதி இறந்துபோனார். வயது 48. இந்தத் திரவத்தை மெல்லிய நைட்ரைலும் தடுக்காது. பல அடுக்குப் படலத்தால் ஆன தனிக் கையுறை வேண்டும். ரசம் அரைக்கும் எங்கள் துறையினர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. நாம் கல்வத்தில் போடும் ரசம் வேறு, அது வேறு. ஆனாலும் 'கையிலே உறை இருக்கே' என்ற தைரியம் ஒன்றுதான்.

கிளீன் ரூமுக்கு எதைப் பார்ப்பது?

சின்னதாக மருந்துக் கம்பெனி, உணவுப் பொருள் யூனிட் நடத்தும் வாசகர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகவும், கம்பெனியில் என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் பிள்ளைகளுக்காகவும் சொல்கிறேன்.

மெடிக்கல் ஷாப் நைட்ரைலும் கிளீன் ரூம் நைட்ரைலும் ஒரே மூலப்பொருள்தான். வித்தியாசம் அதற்குப் பிறகு நடக்கும் கழுவலில். கிளீன் ரூமுக்கான உறையைக் குளோரின் நீரில் முக்கி வழவழப்பாக்கி, உப்பு நீக்கிய தண்ணீரில் பலமுறை அலசி, சுத்தமான அறையிலேயே உலர்த்தி, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் அடைக்கிறார்கள். அட்டைப் பெட்டியில் வராது. ஏன்? அட்டையே நார் உதிர்க்கும்! வெளிப் பையை வாசலில் பிரித்து, உள் பையை மட்டும் அறைக்குள் கொண்டு போவார்கள். உங்கள் சப்ளையர் சாதாரண அட்டைப் பெட்டியைக் காட்டி "இதுவும் கிளீன் ரூம் கிளவுஸ்தான் சார்" என்றால் நம்பாதீர்கள். துகள் எவ்வளவு, உப்பு அயனிகள் எவ்வளவு என்று அந்த லாட்டுக்கான சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள்.

அடுத்தது பவுடர். முன்பெல்லாம் கை எளிதாக நுழைய உள்ளே சோளமாவு தூவுவார்கள். அது கிளீன் ரூமுக்கு ஆகவே ஆகாது. ஆஸ்பத்திரியிலும் ஆகாது; அந்தப் பொடி லேடெக்ஸ் புரதத்தைச் சுமந்துகொண்டு காற்றில் பறக்கும், புண்ணுக்குள் போனால் உள்ளே கட்டியாகவும் தங்கும். 2017 ஜனவரியில் அமெரிக்காவில் பவுடர் போட்ட மருத்துவக் கையுறைகளைத் தடையே செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வாங்கினாலும் 'பவுடர் இல்லாதது' என்று கேட்டு வாங்குங்கள்.

நீளம் பாருங்கள். சாதாரண உறை 24 சென்டிமீட்டர் அளவு; மணிக்கட்டோடு நின்றுவிடும். கிளீன் ரூமுக்கு 30 சென்டிமீட்டர். அங்கியின் கையை இதற்குள் செருக வேண்டும். சட்டைக்கும் உறைக்கும் நடுவே ஒரு விரற்கடை தோல் தெரிந்தாலும் அந்த இடைவெளியில் செதில் கொட்டும். கிருமி நீக்கிய மருந்து நிரப்பும் இடமென்றால் உறையும் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும்.

'ஏ.க்யூ.எல். 1.5' என்று பெட்டியில் ஒரு எண் இருக்கும். ஒரு லாட்டிலிருந்து மாதிரி எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனையில் ஓட்டைக்கு எவ்வளவு சலுகை கொடுக்கலாம் என்பதற்கான எண் அது. எண் குறையக் குறையத் தரம் கூடும். 1.5 நல்லது, 4 என்றால் அடுப்படிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உறையை எடுத்து வீட்டுக் குழாயடியிலேயே நீங்களும் சோதித்துப் பார்க்கலாம், யாரும் வேண்டாமென்று சொல்லப் போவதில்லை.

அளவு ரொம்ப முக்கியம். 'மீடியம் எல்லாருக்கும் சரியா இருக்கும்' என்று ஒரே அளவு வாங்கிக் குவிப்பது மேனேஜர்களின் சிக்கனம். சின்னக் கைக்குப் பெரிய உறை போட்டால் நுனியில் மடங்கி, சாமான் நழுவும். பெரிய கைக்குச் சின்னது போட்டால் பெருவிரல் மடிப்பில் கிழியும், வியர்வையும் அதிகம்.

சித்த மருந்து செய்பவர்களுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2000ம் ஆண்டில் மருந்து விதிகளில் சேர்ந்த 'டி' அட்டவணை, தேவைப்படும் இடத்தில் தொழிலாளியின் கைக்கும் உறை வேண்டும் என்றுதான் சொல்கிறது. வீட்டிலேயே நந்தியாவட்டைப் பூவைக் கையால் பிழிந்து கண்ணில் விடுகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். பூ நல்ல பூதான். பிழியும் கை? தயவுசெய்து வேண்டாம்.

கை அரிக்கிறதே, டாக்டர்!

இப்போது அந்தப் பிள்ளைகளின் கைக்கு வருவோம். அரிப்பில் மூன்று வகை இருக்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு வருவது வெறும் எரிச்சல். எட்டு மணி நேரம் வியர்வையில் ஊறுகிறது. போடுவதற்கு முன் ஸ்பிரிட் தடவிக் காய விடாமலே உறையை மாட்டிவிடுகிறார்கள். அல்லது சோப்பைச் சரியாக அலசுவதில்லை. தோல் வறண்டு வெடிக்கிறது. கையை நன்றாக அலசி, ஒற்றி, முழுக்கக் காய்ந்த பிறகு போட்டாலே பாதி குறையும். உள்ளே மெல்லிய நைலான் உறை போட கம்பெனி அனுமதித்தால் இன்னும் நல்லது. பருத்தி கேட்காதீர்கள், அது நூல் உதிர்க்கும்.

இரண்டாவது வகை, உறை போட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து, புறங்கையிலும் மணிக்கட்டிலும் உறை முடியும் கோடு வரைக்கும் சிவந்து, கொப்புளித்து, கசிவது. ரப்பரை இறுகவைக்கச் சேர்க்கும் ரசாயனத்தால் வரும் ஒவ்வாமை இது. லேடெக்ஸில் மட்டுமல்ல, நைட்ரைலிலும் அந்த ரசாயனம் உண்டு! ஒரு பெண் வந்தாள். வயது 22. "நைட்ரைல்னா அலர்ஜியே வராதுன்னு சொன்னாங்களே சார்" என்று அழாத குறை. அவள் கையில் இருந்தது இதுதான். தோல் டாக்டரிடம் அனுப்பி ஒட்டுச் சோதனை செய்யச் சொன்னேன். சீட்டைக் காட்டியதும் கம்பெனியில் அந்த ரசாயனம் சேர்க்காத நைட்ரைல் வரவழைத்துக் கொடுத்தார்கள். அப்படி ஒரு வகை இருப்பது பலருக்குத் தெரியாது. வேலையை விடுவதற்கு முன்னால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் சாஸ்திரத்தில் இதைக் கரப்பான் என்போம். கத்தரிக்காய், கருவாடு நிறுத்தச் சொல்வோம். சரிதான். ஆனால் கையுறையை மாற்றாமல் கத்தரிக்காயை மட்டும் நிறுத்தினால் என்ன பிரயோஜனம்? வறண்ட நிலையில் இரவு படுக்கும்போது தேங்காய் எண்ணெயோ அருகன் தைலமோ தடவி, காலையில் கழுவிவிடுங்கள். நீர் கசியும் நிலையில் வைத்தியரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம். வேலைக்குக் கிளம்பும் முன் எண்ணெய், கிரீம், மஞ்சள், நலங்குமாவு எதுவும் கையில் கூடாது. அறைக்கு ஆகாது, எண்ணெய் லேடெக்ஸுக்கும் ஆகாது.

மூன்றாவது வகைதான் ஆபத்து. லேடெக்ஸ் போட்ட சில நிமிடத்திலேயே தடிப்பு, கண் வீக்கம், மூச்சிரைப்பு. இது மரத்துப் பால் புரதம் ஒவ்வாமை. வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டால் வாய் அரிக்கும் என்று சொல்பவர்களில் சிலருக்கு இதுவும் இருக்கும். மூச்சுத் திணறினால் கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள், என்னிடமும் வராதீர்கள். 108க்குப் போன் பண்ணுங்கள். பிறகு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், "எனக்கு லேடெக்ஸ் ஒத்துக்காது" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

அம்மாக்கள் ஒரு குறை சொல்கிறார்கள்: "பொட்டைக்கூட அழிச்சுட்டு உள்ளே போகச் சொல்றாங்களாம், சார்." குங்குமம், விபூதி, முகப் பவுடர் எல்லாமே அந்த அறைக்குத் துகள்தான். வளையல், மோதிரம் உறையைக் கிழிக்கும். உள்ளே போகும்போது துடைத்துவிட்டு, வெளியே வந்து வைத்துக்கொள்ளட்டும். மருதாணி இலை அரைத்து வைத்த சிவப்பு தோலோடு சேர்ந்த நிறம், உதிராது. கடையில் விற்கும் கறுப்பு மெஹந்தி மட்டும் வேண்டாம், அதில் கலக்கும் தலைச்சாய ரசாயனமே கையைப் புண்ணாக்கும்.

வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு

படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு டயபர் மாற்ற, புண் துடைக்க, பவுடர் இல்லாத சாதாரண நைட்ரைல் போதும். கிளீன் ரூம் வகைக்குப் பணம் கொட்ட வேண்டாம். பூச்சிமருந்து கலக்கவோ, மெல்லிய உறை போதாது. கனமான, முழங்கைப் பக்கம் வரை வரும் நைட்ரைல் உறையாக விவசாயக் கடையில் கேளுங்கள். பெட்டியை வெயில் படும் ஜன்னலிலோ மோட்டார் பக்கத்திலோ வைக்காதீர்கள், ரப்பர் நொறுங்கும். காலாவதித் தேதியும் உண்டு.

ஒரு தடவை போட்டதைக் கழுவிக் காயவைத்து மறுபடி போடும் சிக்கனம் இதில் மட்டும் கூடாது. கழற்றும்போது மணிக்கட்டு ஓரத்தைப் பிடித்து உள்பக்கம் வெளியே வருமாறு உரித்து, அதைக் கைக்குள் சுருட்டி, அடுத்ததையும் அதன் மேலேயே உரியுங்கள். உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கொரோனா காலத்தில் தாய்லாந்தில் உபயோகித்த நைட்ரைல் உறைகளைக் கழுவி, சாயம் ஏற்றி, புதுப் பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிய கூட்டமே பிடிபட்டது. அதனால் குப்பையில் போடும் முன் கத்தரியால் விரல்களை நறுக்கிவிடுங்கள். ஆஸ்பத்திரியில் சிவப்புப் பையில் போடுவார்கள். வீட்டில் தனியாகக் காகிதத்தில் சுற்றி, சாப்பாட்டுக் குப்பையோடு சேர்க்காமல் துப்புரவுப் பணியாளரிடம், "இது நோயாளிக்கு உபயோகிச்சது" என்று சொல்லிக் கொடுங்கள். அவர் கையில் உறை இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். இல்லையென்றால், உங்கள் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுக்கலாம்.